ரொட்டிக்காரரின் சிலிண்டர்

சமையலறைக்கும் பட்டறைக்கும் நடுவே கதவு கிடையாது. ஒரு நீலத் திரைதான் தொங்கியது. பந்தயக் காலம் தொடங்கிவிட்டால் அவள் அந்தத் திரையைத் தாண்டமாட்டாள். தேநீர் போட்டால் டம்ளரைத் திரையோரம் கிடக்கும் முக்காலியில் வைத்துவிட்டு, "டீ" என்பாள். அந்தப் பக்கமிருந்து எண்ணெய்க் கறை படிந்த கை ஒன்று நீண்டு வந்து டம்ளரை எடுத்துக்கொண்டு போகும்.

"ஜெயில்லகூட மூஞ்சியப் பாத்துத்தான் சோறு போடுவாங்க அண்ணி" என்பான் கொழுந்தன்.

"நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு தம்பி. அப்புறம் யோசிக்கலாம்."

கணவர் மெக்கானிக். பகலெல்லாம் தெருக்காரர்களின் வண்டிகளைப் பழுது பார்ப்பார். பொழுது சாய்ந்தபின் தம்பியின் பந்தய வண்டியோடு உட்காருவார். தம்பியை வீட்டில் மட்டுமல்ல, பந்தயத் தடத்திலும் சின்னவன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு திரிந்தவன். இப்போது தோல் உடுப்பு மாட்டிக்கொண்டு முழங்கால் தரையில் உரச வளைவு திரும்புகிறான்.

அவளுக்கு வேலை அந்தத் தடத்தில்தான். பந்தயம் முடிந்ததும் முதல் மூன்று வண்டிகளையும் ஒரு கொட்டகைக்குள் விட்டு, எஞ்சினைப் பிரிக்கச் சொல்லி, விதிப்படி இருக்கிறதா என்று அளந்து பார்க்கும் சோதகர் அவள். சொந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. அளவம்மா என்றால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

ஒரு காலத்தில் அவளும் பட்டறைக்குள்தான் இருந்தாள். சொல்லப்போனால் கல்யாணமே அங்கேதான் நிச்சயமானது. இயந்திரவியல் படிக்கும்போது ஸ்கூட்டர் பழுதாகி அவரிடம் போனாள். இரண்டு கையும் எண்ணெயாக இருந்த அவர், "அந்த வெர்னியர் அளவுகோல்ல என்ன காட்டுதுன்னு கொஞ்சம் படிங்களேன்" என்றார். படித்தாள். அவர் திருப்பிச் சொன்னார். அடுத்ததையும் படித்தாள். ஸ்கூட்டர் சரியான பிறகும் எதையாவது படிக்க அவள் வந்துகொண்டே இருந்தாள். தசமப் புள்ளியைக்கூட இவ்வளவு இனிமையாகச் சொல்ல ஒருத்தியால் முடியும் என்று அதுவரை தனக்குத் தெரியாது என்பார் அவர்.

அவள் சோதகர் ஆனதும் அந்தப் பழக்கம் நின்றது. வீட்டு வண்டியில் அவள் கை பட்டது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே. திரையை அவளே தைத்து மாட்டினாள். அப்போது இருவரும் யோசிக்காத ஒன்று இருந்தது. அவருக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. செய்தித்தாளைக் கையை முழுதாக நீட்டித்தான் படித்தார். கண்ணாடி போடச் சொன்னால், "எனக்குக் கண்ணு விரல் நுனியில இருக்கு" என்று சொல்லிவிடுவார்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் தார்மேல் அலையாடியது. தடுப்புச் சுவரோரம் ரப்பரும் பெட்ரோலும் கலந்த வாடை. சின்னவனும் எதிரணி முதலாளி நரைமீசையின் மகனும் கடைசிச் சுற்று முழுக்க ஒட்டிக்கொண்டே ஓடினார்கள். கடைசி வளைவில் சின்னவன் உள்பக்கமாகப் புகுந்து அரைச் சக்கரம் முந்திக் கோட்டைத் தொட்டான். அவனுக்கு இது முதல் வெற்றி. ஹெல்மெட்டைக் கழற்றியவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று சொல்ல முடியவில்லை. மெக்கானிக் ஓடிப்போய்த் தம்பியைக் கட்டிக்கொள்ளாமல் வண்டியைக் கட்டிக்கொண்டார்.

"வெற்றி வண்டிய உள்ள கொண்டாங்க" என்று கூப்பிட்ட அவள் குரல் மட்டும் எப்போதும்போல இருந்தது.

கொட்டகைக்குள் மூன்று வண்டிகளும் வரிசையாக நின்றன. சூட்டில் உலோகம் விரியும் என்பதால் எஞ்சின் ஆறாமல் அளக்கக் கூடாது. எல்லோரும் காத்திருந்தார்கள். சூடு இறங்க இறங்க எஞ்சின்கள் டிக் டிக் என்று முனகின.

அவள் தலைமை நடுவரிடம் போனாள். "சார், முதல் வண்டி எங்க வீட்டுது. வேற யாரையாவது அளக்கச் சொல்லுங்க. இன்னொரு சோதகர் இருக்காரே."

"அவருக்குக் காலையிலேர்ந்து வாந்தி. அறைக்குப் போயிட்டாரு."

"அப்போ நீங்களே அளங்க சார்."

"எனக்கு விதி தெரியும்மா. அளக்கற கேஜப் பிடிக்கத் தெரியாது."

சுவரில் சாய்ந்து நின்ற நரைமீசை தொண்டையைச் செருமினார். போன வருஷம் இதே கொட்டகையில் அவருடைய மகனின் வண்டியில் அனுமதியில்லாத எரிபொருளைக் கண்டுபிடித்து அவள் நீக்கியிருந்தாள். அன்று அவர் கத்தியது கூரைத் தகரம் வரை கேட்டது. உங்க வீட்டு வண்டின்னா இப்படித்தான் சோதிப்பீங்களா என்று கேட்டிருந்தார்.

இன்று அவர் கத்தவில்லை. "அந்த அம்மாவே அளக்கட்டும். நான் பக்கத்துல நின்னு கேஜ் முள்ளப் பாக்கறேன்" என்றார்.

விதிப்படி அணியின் மெக்கானிக்தான் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். சோதகர் ஸ்பேனரைத் தொடக்கூடாது. அவர் குந்தி உட்கார்ந்து மரைகளைக் கழற்றினார். எஞ்சினின் தலைமூடியைத் தூக்கி வைத்தார். கரி படிந்த பிஸ்டன் மண்டை தெரிந்தது. பழக்கம்போலத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தில் சின்னதாக ஏதோ எண் தெரிந்தது. கையை நீட்ட வழியில்லை. அதனால் தன் தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார்.

அவருடைய தோள் அசையாமல் நின்றுபோனதை அவள் பார்த்தாள். இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அது போதும். மற்ற யாரும் இன்னும் எதையும் கவனிக்கவில்லை. அவள் வாய் திறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அதற்குள் அவரே நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இது கால் மில்லி பெரிய பிஸ்டன். நம்ம வகுப்புக்கு ஆகாது. அளந்து பாரும்மா."

அவள் அளந்தாள். படித்தாள். முன்பெல்லாம் அவர் திருப்பிச் சொல்லும் இடத்தில் இன்று நரைமீசை திருப்பிச் சொன்னார். நூற்றைம்பது சிசிக்கு மேல் போகக்கூடாத வகுப்பு அது. இந்த எஞ்சின் கொஞ்சூண்டு தாண்டியிருந்தது. அந்தக் கொஞ்சூண்டினால் ஒரு வண்டி அரைச் சக்கரம் முந்துமா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. விதி அதைக் கேட்பதில்லை.

"நீக்கம்" என்றாள்.

சின்னவன் கையிலிருந்த கையுறைகள் கீழே விழுந்தன. அவன் குனிந்து எடுக்கவில்லை.

தலைமை நடுவர் மெக்கானிக்கைத் தனியே அழைத்தார். "வேணும்னு பண்ணதா, தெரியாம நடந்ததா? தெரியாம நடந்துச்சுன்னு காட்டினா இந்த ஒரு பந்தயத்தோட போச்சு. காட்டலைன்னா உங்களுக்கும் தம்பிக்கும் சீசன் முழுக்கத் தடை. நாளைக்குச் சாயங்காலம் விசாரணைக் குழு கூடுது."

"சத்தியமா எனக்கே தெரியல சார். சிலிண்டர்ல கோடு விழுந்திருந்துச்சு, தேய்ச்சுத் தரத்தான் சொன்னேன். லேத்துக்காரர் தப்பா துளையப் பெருசா போரிங் பண்ணிட்டாரோ என்னவோ."

"அவரையே கேளுங்க."

"சொந்தத்துல கல்யாணம்னு ஊருக்குப் போயிருக்காரு. போன் எடுக்க மாட்டேங்கறாரு."

நடுவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் நம்பிக்கையும் இல்லை, சந்தேகமும் இல்லை.

*

அன்று மாலை மூன்று பேரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்தார்கள். சோறும் பருப்பும் முட்டைப் பொரியலும் இருந்தன. கரண்டி பாத்திரத்தில் படும் ஓசை மட்டும்தான் கேட்டது. சின்னவன் சோற்றை வரப்பு கட்டுவதுபோல ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். எனக்காகப் பண்ணியா?"

மெக்கானிக் நிமிர்ந்தார்.

"பண்ணியிருந்தா சொல்லிடு. கோவப்பட மாட்டேன். அடுத்த சீசனுக்கு அந்தப் பெரிய டீம் ஆள் எடுக்குதுன்னு சொன்னதிலேர்ந்து நீ தூங்கல. எனக்குத் தெரியும்."

"உனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தது யாரு?"

"நீதான்."

"பின்சீட்டப் பிடிச்சிருக்கேன்னு சொல்லிட்டு என்னிக்காவது விட்டிருக்கேனா?"

"தினம் விட்டிருக்க. அப்படித்தான் கத்துக்கிட்டேன்."

வேறொரு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள். மெக்கானிக் தட்டோடு எழுந்தார். குழாயடியில் கை கழுவியபடி திரும்பாமலே அவளிடம் பேசினார். "அவனாவது கேட்டுட்டான். நீ ஒரு வார்த்தை கேக்கலியே."

"கேட்டா நீங்க பதில் சொல்லுவீங்க. சொன்னா நாளைக்குக் குழுவுல நான் அதைச் சொல்லணும். பொண்டாட்டி புருஷனுக்காகப் பேசறான்னு ஆகும். உங்க வார்த்தைக்கு அப்புறம் மதிப்பே இருக்காது."

"அதான் காரணமா?"

"வேற என்ன?"

அவர் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டார். அவள் பொய் சொல்லவில்லை. ஆனாலும் பாத்திரம் விளக்கும்போது ஒரு நினைப்பு வந்து நின்றது. ஒருவேளை செய்திருந்தால்? வந்த வேகத்திலேயே அதை விரட்டினாள். அது வந்துவிட்டது என்பதே நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

*

மறுநாள் விடிந்ததும் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கடைகளுக்கு ரொட்டி போடும் ரொட்டிக்காரர். பின்னால் தகரப் பெட்டி, அதற்குள் சூடு ஆறாத ரொட்டி. தெருவே அந்த வாசனையில்தான் கண் விழிக்கும். அவருக்கும் சின்னவன் ஓட்டும் அதே மாடல் வண்டிதான். பெட்டி, மணி, கிழிந்த சீட் என்று பார்த்தால் இரண்டும் உறவு என்றே யாரும் சொல்லமாட்டார்கள்.

மெக்கானிக் முகத்தை ஏறெடுத்துப் பார்க்காமலே ரொட்டிக்காரர் ஆரம்பித்தார்.

"அண்ணே, உங்க கைக்குத் தங்கத்துல காப்பு போடணும். என்ன வேலை செஞ்சீங்க? போன வாரம் வாங்கிட்டுப் போனதிலேர்ந்து வண்டி வண்டியாவே இல்ல. மேட்டுத்தெரு ஏத்தத்துல ஒவ்வொரு நாளும் இறங்கித் தள்ளுவேன். இப்போ ஏறி உச்சில போய் நின்னு திரும்பிப் பாக்கறேன், ஏத்தம் எங்க காணோம்னு. வீட்ல அவகூடக் கேட்டா, என்ன சீக்கிரம் வந்துட்டீங்க, ரொட்டி விக்கலியான்னு. நன்றி சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். இந்தாங்க, இனிப்பு ரொட்டி. காசெல்லாம் வேணாம்."

"உன் வண்டிக்குப் பெரிய பிஸ்டன் போட்டிருக்கு. இழுக்கத்தான் செய்யும்" என்றார் மெக்கானிக் சுரத்தில்லாமல்.

திரைக்கு இந்தப் பக்கம் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்த அவளுடைய கை நின்றது.

பெரிய பிஸ்டன் ரொட்டிக்காரருக்குப் போட வேண்டியது. இரண்டு சிலிண்டரும் ஒரே வாரம் லேத்துக்குப் போனவை. இரண்டும் ஒரே மாடல். லேத்துக்காரர் சிலிண்டரையும் அதற்கான பிஸ்டனையும் ஜோடியாகப் பழைய செய்தித்தாளில்தான் சுற்றித் தருவார். பிரிக்கிறவர் எண்ணைப் படிக்காமல் விரலால் தடவிப் பார்க்கிறவர். இரண்டு பொட்டலமும் இடம் மாறியிருந்தால்?

அந்தப் பக்கம் மெக்கானிக்குக்கும் அதே நேரத்தில் பொறி தட்டியிருக்க வேண்டும். பெட்டியிலிருந்து ஸ்பேனரை வெடுக்கென்று எடுக்கும் ஓசை வந்தது.

"தொடாதீங்க" என்றாள் அவள், திரைக்குப் பின்னாலிருந்தே.

"ரெண்டே நிமிஷம். பிரிச்சுப் பாத்தா..."

"நீங்க தனியா பிரிச்சா, இப்போதான் மாத்தி வெச்சீங்கன்னு சொல்லுவாங்க. ஸ்பேனரக் கீழ வைங்க. போன பந்தயத்துல தம்பி மூணாவதா வந்தப்போ அந்த சிலிண்டர அளந்துட்டு அடையாளத்துக்கு அடி விளிம்புல புள்ளி குத்தினது யாரு?"

ஸ்பேனர் பெட்டிக்குள் விழுந்தது. "நீ" என்றார்.

"அந்தப் புள்ளி எஞ்சினப் பிரிச்சாத்தான் தெரியும். நடுவர வரச் சொல்றேன். அவரு முன்னாடி பிரிங்க. ரொட்டிக்காரரே, அதுவரைக்கும் வண்டிய விட்டு நகராதீங்க."

ரொட்டிக்காரர் வெலவெலத்துப் போனார். "அக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்? நன்றிதானே சொன்னேன். ரொட்டி ஆறிடும், கடைக்காரங்க திட்டுவாங்க."

"தம்பி" என்று கூப்பிட்டாள். சின்னவன் பல் துலக்கியபடியே வந்தான். "அந்தப் பெட்டிய என் ஸ்கூட்டர்ல கட்டிக்கிட்டுப் போய் ரொட்டி போட்டுட்டு வா."

"நானா?"

"நேத்து ரொம்ப வேகமாத்தானே ஓட்டின?"

நேற்று முதலாவதாக வந்து நீக்கப்பட்டவன் அன்று காலை மணியடித்துக்கொண்டு கடை கடையாக ரொட்டி போட்டான். வளைவுகளில் பழக்கம் விடாமல் சாய்ந்ததில் இரண்டு ரொட்டி நசுங்கிப்போனதாகப் பின்னால் புகார் வந்தது.

*

நடுவர் தனியாக வரவில்லை, நரைமீசையையும் அழைத்து வந்திருந்தார். இரண்டாவது வந்த அணிக்கும் சாட்சியாக ஒருவர் வேண்டும் என்று அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் வேலையை விட்டு வருவார் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

அவள் சமையலறையிலேயே நின்றாள். அடுப்பில் பால் இருந்தது. அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் காதில் மட்டும் விழுந்தது. மரைகள் தட்டில் விழும் ஒலி. "பாத்துண்ணே, பாத்து" என்று ரொட்டிக்காரர், அறுவை சிகிச்சைக்கு வெளியே நிற்கும் அப்பாவைப்போல. பிறகு சிலிண்டரை உருவும் அந்த மெல்லிய உறிஞ்சல். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த ஓசை அவளுக்கு மறக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எடுக்காதீங்க. என் கையில குடுங்க." நரைமீசையின் குரல். "டார்ச் காட்டுங்க சார். இன்னும் கிட்ட."

பால் விளிம்புக்கு ஏறுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கை நீளவில்லை.

"புள்ளி இருக்கு" என்றார் நரைமீசை.

"அளவும் பாத்துடலாம்" என்று நடுவர் கேஜை வைப்பது கேட்டது. "யாராவது சரியா பிடிச்சு உதவுங்கப்பா." பிறகு நரைமீசை ஒரு எண்ணைப் படித்தார். வகுப்புக்குச் சரியான அளவு. தேய்த்தது மட்டும்தான், பெரிதாக்கவில்லை. மெக்கானிக் அதைத் திருப்பிச் சொன்னார். சொல்லும்போது கடைசி எண்ணில் குரல் உடைந்தது.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவள் அணைத்துவிட்டு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகையில் பாதி நிம்மதி. மீதி, முந்தைய மாலை பாத்திரம் விளக்கும்போது வந்து போன அந்த நினைப்புக்காக.

திரைக்கு அப்பால் செருப்புச் சத்தம் நெருங்கி நின்றது.

"அம்மா, டீ கிடைக்குமா? பால் வாசனை இங்க வரைக்கும் வருது" என்றார் நரைமீசை.

"வாசனை மட்டும்தான் மிச்சம். கறுப்பு டீதான் சார் தரமுடியும்."

"குடுங்க. இந்தத் திரைய விலக்கலாமா?"

"நீங்க விலக்கலாம். நான்தான் அங்க வரக்கூடாது."

அவர் திரையை ஒதுக்கி நின்றார். அவளுடைய சிவந்த கண்ணைப் பார்க்காததுபோல டம்ளரைப் பார்த்துப் பேசினார். "போன வருஷம் உங்களை ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நேத்துக் கொட்டகையில பதில் கிடைச்சுது. முதலிடம் எங்களுக்குன்னு ஆகி அந்தக் கோப்பைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போனப்போ என் பையன் சொன்னான், அளவம்மா அளந்து குடுத்தது, இதை யாரும் பிடுங்க முடியாதுப்பான்னு. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நல்லா இருங்கம்மா." டீயை ஒரே மடக்கில் குடித்தார். "ஆனா கோப்பைய மட்டும் திருப்பிக் கேக்காதீங்க."

"கேக்க மாட்டேன் சார். அது உங்களுதுதான்."

மாலையில் குழு கூடியது. நீக்கம் நீக்கம்தான், தடை கிடையாது என்று முடிவானது. கூடுதலாக நடுவர் மெக்கானிக்குக்கு வாய்மொழியாக ஒரு உத்தரவு போட்டார். எண்ணைக் கண்ணால் படிக்க வேண்டும், விரலால் அல்ல.

அண்ணனும் தம்பியும் வீடு திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. சின்னவன் நேராக அவளிடம் வந்து அந்த இனிப்பு ரொட்டியைப் பிட்டு ஒரு துண்டை நீட்டினான். "அண்ணி, மன்னிச்சுக்கங்க. நேத்து உங்க மேலயும் கோவமாத்தான் இருந்தேன். கொஞ்சம் கண்ண மூடியிருக்கக் கூடாதான்னு."

"இப்போ?"

"நீங்க நேத்து மூடியிருந்தா இன்னிக்கு அந்தப் புள்ளிய யாரு நம்பியிருப்பாங்க?" கொஞ்சம் தயங்கினான். "ஜெயிக்கத் தெரியுதுன்னு பாத்தாச்சு. இனிமே எங்க சிலிண்டர்லயே ஜெயிக்கறேன்."

மெக்கானிக் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவள்தான் அவரருகே போனாள். "கொட்டகையில நான் வாய் திறக்கறதுக்குள்ள நீங்களே சொல்லிட்டீங்க" என்றாள்.

"நீ சொல்ல வேண்டியிருந்தா உனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சேன்."

அவள் அவருடைய கறை படிந்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். எண்ணெய் ஒட்டியது. ஒட்டட்டும் என்று விட்டாள்.

*

ரொட்டிக்காரருக்குப் புது சிலிண்டரும் புது பிஸ்டனும் மெக்கானிக் செலவில் போட்டுக் கொடுத்தார்கள். மனுஷன் அதோடு விடவில்லை. தன் சிலிண்டர்தான் பந்தயத்தில் முதலாவதாக வந்தது என்று கடை கடையாகச் சொல்லிக்கொண்டு போனார். "நீக்கிட்டாங்களாமே?" என்று யாராவது கேட்டால், "என் சிலிண்டர நீக்கல, அவங்க வண்டியத்தான் நீக்கினாங்க" என்பார். பந்தயத்தில் ஓடிய அந்தப் பழைய சிலிண்டரைக் கேட்டு வாங்கித் தன் வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டார். ஞாயிறு தவறாமல் ஒரு இனிப்பு ரொட்டி அவர்கள் வாசலுக்கு வந்துவிடும்.

அடுத்த பந்தயத்துக்கு முந்தைய நாள் மாலை திரை வழக்கம்போல இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் சின்னவன் கேஜை வைத்துக்கொண்டு எண்ணைப் படிக்க ஆரம்பித்தான். மெக்கானிக் திருப்பிச் சொன்னார். அது அவள் காதில் விழுவது முறையில்லை என்று பட்டது. குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓசையையும் தாண்டி அவர் குரல் வந்தது. "சரியா படிடா. ஏழா, ஒண்ணா?"

"நீயே பாருண்ணே."

"கிட்ட வெச்சா தெரியல, தூர வெச்சா கை பத்தலடா."

அவள் குழாயை மூடினாள். குழு கூடிய மறுநாளே வாங்கி வைத்திருந்த சின்னப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்தாள். முக்காலியில் டம்ளரை வைத்தாள். பக்கத்தில் பெட்டியையும் வைத்தாள்.

"டீ" என்றாள்.

கை நீண்டு வந்தது. டம்ளரைத் தொட்டது. பக்கத்தில் இருந்ததைத் தடவிப் பார்த்தது. மூடியைத் திறந்தது. நீண்ட நேரம் அங்கேயே நின்றது.

"இதென்ன, சோதகர் எங்க அணிக்கு உதவி பண்றாங்களா?"

"நடுவர்கிட்ட கேட்டுட்டேன். கண்ணாடி விதிக்கு உட்பட்டதுதான்."

திரைக்கு அந்தப் பக்கம் சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் மெக்கானிக் ஒரு எண்ணைத் தானே படித்தார். தட்டுத் தடுமாறாமல், கடைசித் தசமம் வரை. அவள் குழாயைத் திறக்க மறந்துபோனாள்.